பதினான்காம் பள்ளி, மூன்றாவது ஆசிரியர்

"முடிஞ்சுதா?" என்று கணக்கு டீச்சர் கேட்டார்.

"முடிஞ்சது டீச்சர். மொத்தம் இருபத்தெட்டு கேள்விதான்" என்றேன்.

"அவ்வளவுதானா? இன்னும் ஒரு பத்து கேள்வி சேத்திருக்கக் கூடாதா?"

கேலி செய்கிறார் என்று நினைத்தேன். அதுவரை நான் பேட்டி கண்ட ஆசிரியர்கள் பத்தாவது கேள்வியிலேயே கடிகாரத்தைப் பார்க்கத் தொடங்கிவிடுவார்கள். இவரோ ஒவ்வொரு கேள்வியையும் இரண்டு முறை படிக்கச் சொன்னார். கூரையைப் பார்த்து யோசித்தார். பிறகு எல்லாவற்றுக்கும் "அஞ்சு" என்றே சொன்னார். எங்கள் படிவத்தில் ஐந்து என்றால் மிகவும் திருப்தி. கழிப்பறைக்கு ஐந்து, காற்றோட்டத்துக்கு ஐந்து, தலைமை ஆசிரியையின் அணுகுமுறைக்கு ஐந்து. வேலைச் சூழல் பற்றி ஆசிரியர்கள் என்ன நினைக்கிறார்கள் என்று நாற்பது பள்ளிகளில் கேட்டு எழுதிக்கொண்டு வர எங்கள் அலுவலகம் என்னை அனுப்பியிருந்தது. அந்தப் பள்ளியின் நூலக அறையில் அன்று அவர் மூன்றாவது ஆள்.

படிவக் கோப்பை மூடினேன். அவர் எழவில்லை.

"இன்னும் அஞ்சு நிமிஷம் இங்கயே உக்காந்துக்கட்டுமா? நீ பாட்டுக்கு உன் வேலையப் பாரு மா."

"தாராளமா உக்காருங்க. இது உங்க ஸ்கூல்தானே டீச்சர்."

"ஸ்கூல் எங்களுதுதான். நாற்காலிதான் எங்களுது இல்ல" என்று சொல்லிவிட்டுச் செருப்பைக் கழற்றிக் காலை மேசைக்கு அடியில் நீட்டினார். கணுக்காலுக்கு மேல் நரம்புகள் நீலமாகப் புடைத்துக்கொண்டிருந்தன.

"அப்ப ஒவ்வொரு கேள்விக்கும் அவ்வளவு நேரம் யோசிச்சது...?"

"பின்ன? பதில் எப்பவும் அஞ்சுதான். அதுல யோசிக்க என்ன இருக்கு? உக்காந்த சுகம்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவரும் சிரித்தார். பிறகு நான் கேட்காமலே சொல்லத் தொடங்கினார்.

"ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி நிர்வாகத்துல இருந்து ஒருத்தர் சுத்திப் பாக்க வந்தாரு. மூணாம் வகுப்புல ஒரு டீச்சர் கன்னத்துல கைய வச்சிட்டு உக்காந்திருந்தாங்க. அவ்வளவுதான். மறுநாள் எந்த வகுப்புலயும் நாற்காலி கிடையாது. எல்லாத்தையும் மாடிப்படிக்குக் கீழ அடுக்கி, கம்பிக் கதவு போட்டுப் பூட்டிட்டாங்க. படி ஏறும்போதெல்லாம் எட்டிப் பாப்போம், கூண்டுல சிங்கத்தப் பாக்கற மாதிரி."

"ஸ்டாஃப் ரூம்ல நாற்காலி இருக்கே?"

"இருக்கு. போறதுக்கு நேரம்தான் இல்ல. ஒரு நாளைக்கு எட்டு பீரியடு. ஏழு எனக்கு. யாராவது லீவு போட்டா எட்டாவதும் எனக்கு. தற்காலிகம்னா அப்படித்தான்."

"நாள் முழுக்க நின்னுக்கிட்டேவா?"

"நிப்பேன். முடியலன்னா முட்டி போட்டுடுவேன்."

எனக்குப் புரியவில்லை. அவர் கையால் காட்டினார். பிள்ளையின் பெஞ்சுக்குப் பக்கத்தில் முட்டி போட்டு உட்கார்ந்து நோட்டைப் பார்ப்பாராம். அது முடிந்ததும் அடுத்த பெஞ்சு. "மொத தடவ பசங்க பயந்துட்டாங்க. 'என்ன தப்பு பண்ணீங்க டீச்சர், யாரு உங்கள முட்டி போடச் சொன்னது'ன்னு கேக்கறாங்க. அப்புறம் பழகிடுச்சு. இப்ப என்னடான்னா பெற்றோர் கூட்டத்துல எச்.எம். என்ன எழுப்பி நிக்க வச்சு, எல்லாரையும் கை தட்ட வச்சாங்க." அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "குழந்தைங்க உயரத்துக்கு இறங்கி வர்றேன்னு ஊரே பாராட்டுது மா. நாற்காலி இல்ல, அதான் இறங்கறேன்."

நான் கோப்பை மறுபடியும் திறந்தேன்.

"இத எழுதிக்கட்டுமா டீச்சர்?"

அவர் சிரிப்பு நின்றது. "எதுக்கு?"

"அறிக்கையில சேப்போம். உங்க பேரு வராது, ஸ்கூல் பேரும் வராது. வெறும் எண்தான். உங்க ஸ்கூல் பதினாலு, நீங்க மூணு."

"இங்க பாரு. நான் ஏழு வருஷமா தற்காலிகம். வருஷா வருஷம் கையில ஒரு காகிதம் குடுப்பாங்க, இன்னும் ஒரு வருஷம் இருந்துக்கோன்னு. இந்த வருஷம் ஒரே ஒரு நிரந்தர இடம் வருது. மூணு பேரு காத்திட்டிருக்கோம். என் பேருதான் மேல இருக்குன்னு எச்.எம். வாயாலயே சொல்லிட்டாங்க. அதனால, சொன்னது நான்தான்னு இந்தச் சுவருக்குக்கூடத் தெரியக் கூடாது."

"தெரியாது டீச்சர். நான் பொறுப்பு."

"அப்ப எழுதிக்கோ" என்றார். மணி அடித்தது. செருப்பை மாட்டிக்கொண்டு, மேசையைப் பிடித்து எழுந்து போனார்.

பொறுப்பு என்று நான் சொன்னது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அந்த வார்த்தையை யாரும் என்னிடம் கேட்டு வாங்கவில்லை. நானாகத்தான் கொடுத்தேன்.

அவர் தையற்காரரின் மகள். அப்பாவின் அளவு நாடாவை வைத்துத்தான் பின்னங்கள் கற்றுக்கொண்டதாகப் பிறகு ஒருமுறை சொன்னார். கணக்கில் பட்டம் வாங்கி, தட்டச்சு நிலையம் ஒன்றில் சில காலம் வேலை பார்த்தார். கல்யாணம் ஆகி, மகள் பிறந்து, அவள் பள்ளிக்குப் போகத் தொடங்கிய பிறகு ஆசிரியர் பயிற்சி முடித்தார். வகுப்புக்கு முதன்முதலாகப் போனபோது அவருக்கு வயது முப்பத்தாறு. கூடப் படித்தவர்கள் அதற்குள் மூத்த ஆசிரியர்களாகியிருந்தார்கள். சிவப்பு மையால் திருத்த மாட்டார், பச்சைதான். தப்பான கணக்கை அடிக்காமல், தப்பு தொடங்கும் இடத்தில் ஒரு புள்ளி மட்டும் வைப்பார். மீதியைப் பிள்ளையே கண்டுபிடிக்க வேண்டும். ஐந்தாம் வகுப்பு 'பி' பிரிவில் அவருக்கு நாற்பத்திரண்டு பிள்ளைகள். அவர்கள் அவரை 'முட்டி டீச்சர்' என்றுதான் தங்களுக்குள் கூப்பிடுவார்கள் என்பது அந்தப் பள்ளியில் எல்லாருக்கும் தெரியும். எனக்குத் தெரியாது. ஒரே ஒரு நாள் நூலக அறையில் உட்கார்ந்துவிட்டுப் போனவளுக்கு எப்படித் தெரியும்? தெரியாது என்பதை நான் யோசித்திருக்க வேண்டும்.

எங்கள் அலுவலகத்தில் நாங்கள் ஐந்து பேர். தலைவியை மேடம் என்போம். அவருக்குத் தமிழ் பேச வரும், வேகமாகப் படிக்க வராது. நான் இரண்டு மொழியிலும் படித்தவள் என்பதால் என்னைச் சேர்த்துக்கொண்டார்கள். ஆசிரியர்கள் தமிழில் சொல்வதைக் கேட்டு ஆங்கிலத்தில் எழுதித் தருவது என் வேலை. கணக்கு டீச்சர் சொன்னதையும் அப்படியே மொழிபெயர்த்துக் கொடுத்தேன். மேடம் அதைப் படித்துச் சிரித்தார். பிறகு பென்சிலால் ஒரு கோடு போட்டு அடித்துவிட்டு மேலே வேறு வாக்கியம் எழுதினார். நீண்ட நேரம் நிற்பதால் வரும் களைப்பைக் குறைக்கச் சில ஆசிரியர்கள் தாங்களே சில மாற்று வழிகளைக் கையாளுகிறார்கள் என்பது அதன் பொருள்.

"நல்ல வரி போச்சே மேடம்" என்றேன். அப்படியெல்லாம் நான் அவரிடம் பேசுகிறவள் இல்லை.

"நல்லா இருக்கறதுதான் பிரச்சனை" என்றார்.

அறிக்கை ஆங்கிலத்தில் அச்சாயிற்று. ஒரு தவறும் இல்லை. இரண்டு மாதம் கழித்து, பங்கெடுத்த பள்ளிகளுக்குத் தமிழிலும் ஒரு சுருக்கம் அனுப்ப வேண்டும் என்று முடிவாகி, அந்த வேலையும் என்னிடம் வந்தது.

ஆங்கிலத்தில் எழுதும்போது நான் எச்சரிக்கையானவள். ஒவ்வொரு சொல்லையும் தட்டிப் பார்த்துத்தான் வைப்பேன். தமிழில் அந்தப் பயம் எனக்கு இல்லை. மேடத்தின் வாக்கியத்தைத் தமிழாக்கிப் பார்த்தேன். மழையில் நனைந்த அட்டைப்பெட்டி போலிருந்தது. மூன்று விதமாக மாற்றிப் பார்த்தும் உயிர் வரவில்லை. அந்த வாக்கியத்தை எந்த ஆசிரியரும் தன்னுடையது என்று சொல்லிக்கொள்ள மாட்டார். மேடம் அதை அப்படி எழுதியதே அதற்காகத்தான் என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை. பழைய குறிப்பேட்டை எடுத்தேன். அவர் சொன்ன சொற்கள் அவர் சொன்ன வரிசையிலேயே இருந்தன. மொழிபெயர்க்க வேண்டிய இடத்தில், மூலத்தையே எடுத்து வைத்தேன்.

'குழந்தைங்க உயரத்துக்கு இறங்கி வர்றேன்னு ஊரே பாராட்டுது. நாற்காலி இல்ல, அதான் இறங்கறேன்.'

பெயர் இல்லை, பள்ளி இல்லை. பதினான்கு என்ற எண்ணைக்கூட நான் போடவில்லை. அதனால் விதியை மீறவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். எங்கள் அலுவலகத்தில் படிவங்களைக் கணினியில் ஏற்றும் அக்கா பிழை பார்த்தார். பத்தொன்பதாம் பக்கத்தில் நிறுத்தி, "ஏய், இது நிஜமாவே யாரோ பக்கத்துல நின்னு பேசற மாதிரி இருக்குடி" என்றார்.

அவர் சொன்னது எச்சரிக்கை. நான் அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன். அன்று வீட்டுக்குப் போய் அண்ணியிடம்கூட அதைச் சொன்னேன். மேடம் முன்னுரையைப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். நாற்பது பள்ளிகளுக்கும், அவற்றின் பெற்றோர் சங்கங்களுக்கும் பிரதிகள் போயின.

சுருக்கம் கிடைத்ததற்குக் கையொப்பம் வாங்கவும், கருத்துக் கேட்கவும் மறுபடி ஒவ்வொரு பள்ளியாகப் போனேன். பதினான்காம் பள்ளிக்குப் போனபோது மதிய இடைவேளை. ஸ்டாஃப் ரூமில் நீள மேசையைச் சுற்றி ஏழெட்டுப் பேர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். மேசை நடுவில் எங்கள் சுருக்கம் விரித்துக் கிடந்தது, பத்தொன்பதாம் பக்கம் திறந்தபடி.

"வாங்க வாங்க, எழுத்தாளர் வந்தாச்சு" என்றார் தமிழ் ஐயா. அந்தப் பள்ளியில் தமிழ் எடுப்பவர், எல்லாரையும் சிரிக்க வைப்பவர். "உக்காருங்க மா. நாற்காலி இருக்கு. இல்லன்னா இறங்கிடாதீங்க."

எல்லாரும் சிரித்தார்கள். அவர் புத்தகத்தை எடுத்து அந்த வரியைப் படித்தார். கணக்கு டீச்சரின் குரலில், 'ஊரே' என்பதை அவர் இழுப்பது போலவே இழுத்துப் படித்தார். அவர் அப்படி இழுப்பார் என்பதே அப்போதுதான் எனக்கு நினைவுக்கு வந்தது.

"யாரோ, எங்கயோ, எந்த ஸ்கூல்லயோ சொன்னாங்களாம். சொல்லுங்க மா, இது எங்க ஆளுதானே?"

"அதெல்லாம் நாங்க சொல்லக் கூடாதுங்க ஐயா" என்றேன். சொல்லும்போதே என் கண் மேசையின் கடைசிக்குப் போய்விட்டது. அரை நொடிகூட இருக்காது. கணக்கு டீச்சர் அங்கே சாப்பாட்டுப் பெட்டியை ஓரமாகத் தள்ளிவிட்டு நோட்டுத் திருத்திக்கொண்டிருந்தார்.

தமிழ் ஐயா என் கண் போன திசையைப் பார்த்தார். "சரி சரி, சொல்ல வேணாம் விடுங்க" என்றார். அவர் குரலில் இருந்த விளையாட்டு போய்விட்டது. அதுவரை அவர்களுக்கு இருந்தது ஊகம்தான். உறுதி செய்து கொடுத்தது நான். கணக்கு டீச்சர் தலையைத் தூக்கவே இல்லை. பச்சைப் பேனா நகர்ந்துகொண்டே இருந்தது. ஒரே கணக்குக்கு அவர் இரண்டு முறை சரி போடுவதைப் பார்த்தேன்.

கையொப்பத்துக்காகத் தலைமை ஆசிரியையின் அறைக்குப் போனேன். எதிரே மூன்று நாற்காலிகள். நான் நின்றுகொண்டிருந்தேன்.

"உக்காருங்க. இல்லன்னா அதையும் எழுதிடுவீங்க" என்றார்.

உட்கார்ந்தேன். அவர் கோபக்காரர் இல்லை. அடிபட்டவர் போல் இருந்தார்.

"அன்னைக்குக் கூட்டத்துல இருநூறு பேர் கை தட்டினாங்க. தட்ட வச்சது நான். இப்ப அவங்க என்ன நெனைப்பாங்க? ஒண்ணு நான் ஏமாந்தவ, இல்ல ஏமாத்தினவ." கையொப்பம் போட்டுக்கொண்டே தொடர்ந்தார். "யாரு சொன்னாங்கன்னு உங்ககிட்ட கேக்க மாட்டேன். கேக்க வேண்டிய அவசியமும் இல்ல. அஞ்சாம் வகுப்பு பி-ல ஒரு நாற்காலி போடச் சொல்லிட்டேன்."

"மத்த வகுப்புகளுக்கு?"

"மத்தவங்க எல்லாரும் அஞ்சு போட்டிருக்காங்களே, மிகவும் திருப்தின்னு. உங்க அட்டவணையிலதான் இருக்கு."

படிவங்களை அந்த அறைக்கு இரண்டு கதவு தள்ளியிருந்த நூலகத்தில் உட்கார்ந்து நிரப்பியது நான்தான். அங்கே உட்கார்ந்து யாரும் ஐந்துக்குக் குறைவாகச் சொல்ல மாட்டார்கள் என்று தெரிந்தும் ஐந்தை ஐந்தாகவே பதிந்தேன்.

"அப்புறம் இன்னொண்ணு. நிரந்தரம் பண்றதுக்கு முன்னாடி டாக்டர் சான்றிதழ் வாங்கணும்னு நிர்வாகம் சொல்லியிருக்கு. நிரந்தரம்னா இன்னும் பதினஞ்சு வருஷம் நிக்கணும் இல்லையா?"

"எப்பவும் கேப்பாங்களா?"

"இந்த வருஷத்துல இருந்து" என்று சொல்லி, கையொப்பமிட்ட தாளை என் பக்கம் தள்ளினார்.

இதை மேடத்திடம் சொல்ல எனக்குப் பதினொரு நாள் ஆயிற்று. தினமும் காலையில் இன்று சொல்லிவிடலாம் என்று போவேன். அவர் அறைக்கதவு மூடியிருந்தால் நிம்மதியாக இருக்கும். கடைசியில் சொன்னபோது அவர் கத்தவில்லை. தான் எழுதிய வாக்கியத்தை ஏன் அப்படியே மொழிபெயர்க்கவில்லை என்று மட்டும் கேட்டார். நன்றாக இல்லை என்பதால் என்று என்னால் சொல்ல முடியவில்லை.

அது பல ஆசிரியர்கள் சொன்னதைச் சேர்த்து எழுதிய வரி என்று பள்ளிக்கு ஒரு கடிதம் அனுப்பலாமா என்று கேட்டேன்.

"எந்த ஸ்கூலுக்கு?" என்றார். "அந்த ஒரு ஸ்கூலுக்கு அனுப்பினா, அவங்கதான்னு நாமளே முத்திரை குத்தின மாதிரி. நாப்பது ஸ்கூலுக்கும் அனுப்பினா, இதுவரைக்கும் படிக்காதவங்களும் பத்தொன்பதாம் பக்கத்தத் திறப்பாங்க. தவிர, அது பொய்."

மூன்றும் சரி. அவர் பேசியதில் எதையும் என்னால் மறுக்க முடியவில்லை. அந்த இயலாமையில் எனக்குக் கொஞ்சம் நிம்மதியும் இருந்தது. செய்ய ஒன்றுமில்லை என்றால் செய்யாமல் இருக்கலாம் அல்லவா? அந்த நிம்மதியைத்தான் இன்றும் என்னால் யாரிடமும் சொல்ல முடிவதில்லை.

கணக்கு டீச்சரின் கைபேசி எண் எங்கள் சம்மதப் படிவத்தில் இருந்தது. நான் அழைக்கவில்லை. மூன்றாவது மாதம் அவரே அழைத்தார். ஞாயிற்றுக்கிழமை மதியத்துக்கு மேல் வீட்டுக்கு வர முடியுமா என்று கேட்டார். எதற்கு என்று நான் கேட்கவில்லை. திட்டுவதற்குத்தான் என்று எண்ணிக்கொண்டு, திட்டினால் நல்லது என்ற நினைப்போடுதான் போனேன்.

கீழே கணவரின் கடை. எரிந்துபோன மோட்டார்களுக்குச் செம்புக் கம்பி சுற்றிக் கொடுப்பவர். படியெங்கும் வார்னிஷ் வாசனை. மேலே இரண்டு அறையும் சமையலறையும். முன்னறையில் நான்கு பிளாஸ்டிக் நாற்காலிகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருந்தன. பதினைந்து வயது மகள் ஒன்றை உருவி எனக்குப் போட்டாள்.

கணவர் கையைத் துடைத்துக்கொண்டே மேலே வந்தார். "இவங்கதானா அது?"

"சும்மா இருங்க" என்றார் டீச்சர்.

"நான் ஒண்ணும் சொல்லலையே. இவ பேசறத நான் பதினெட்டு வருஷமா கேக்கறேன், ஒரு வரி ஞாபகம் இருக்காது. நீங்க ஒரு தடவ கேட்டுட்டு அப்படியே எழுதிட்டீங்க. அந்த அதிசயத்தப் பாக்கலாம்னு வந்தேன்."

"பாத்தாச்சுல்ல, கீழ போங்க. கடையில ஆளில்ல."

"அப்பாவுக்குப் பொறாமை" என்றாள் மகள். யாரும் பெரிதாகச் சிரிக்கவில்லை.

வழியெல்லாம் மனத்துக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்த வாக்கியத்தைத் தொடங்கினேன். "டீச்சர், என்ன மன்னிச்..."

"நீ பொய் எழுதலையே மா" என்று வெட்டினார். "பொய் எழுதியிருந்தா சண்டை போட்டிருப்பேன். சண்டை போடக்கூட வழியில்லாம எழுதிட்ட."

பிறகு நடந்ததைச் சொன்னார், வகுப்பில் பாடம் சொல்வது போல் ஒவ்வொன்றாக. டாக்டர், நீண்ட நேரம் நிற்பதைத் தவிர்க்க வேண்டும் என்று எழுதிக் கொடுத்தார். அந்த வரியை விட்டுவிட்டு எழுதித் தரச் சொல்லிக் கேட்டுப் பார்த்திருக்கிறார். அப்படிக் கேட்டதைச் சொல்லும்போது அவர் என்னைப் பார்க்கவில்லை. டாக்டர் மறுத்துவிட்டார். சான்றிதழை மடித்து நிர்வாகத்தில் கொடுத்தார். போன வாரம் பட்டியல் ஒட்டினார்கள். நிரந்தர இடம் அவருக்குப் பின்னால் வந்து சேர்ந்த அறிவியல் டீச்சருக்குப் போயிற்று. இவருக்கு இன்னும் ஒரு வருஷம் என்ற அதே காகிதம்.

"அந்த நாற்காலி?" என்று கேட்டேன். ஏதாவது ஒன்றாவது நல்லதாக முடிந்திருக்கும் என்ற ஆசை.

"அதுல எப்படி உக்காருவேன்? மத்த டீச்சர்ங்கல்லாம் நிக்கும்போது? தமிழ் ஐயா வாசல்ல எட்டிப் பாத்து 'மகாராணி நலமா'ங்கறாரு. மனசுல ஒண்ணும் கிடையாது அவருக்கு, வாய்தான். நான் அதுமேல நோட்டு அடுக்கி வச்சிருக்கேன்."

"இப்ப முட்டி போடறதும் இல்ல" என்றாள் மகள், ஜன்னல் பக்கம் திரும்பியபடி.

டீச்சர் மகளை ஒருமுறை பார்த்தார். பிறகு, "மொத பெஞ்சுல ஒரு பொண்ணு இருக்கு" என்றார். "வாயே தொறக்காது. நான் பக்கத்துல முட்டி போட்டா மட்டும் காதுகிட்ட வந்து விடைய சொல்லும். வீட்டுல யாரோ அந்தப் புத்தகத்தப் படிச்சுக் காட்டியிருக்காங்க. மறுநாள் நான் அது பக்கம் போறேன், அதுக்குள்ள நோட்ட தூக்கிக்கிட்டு அதுவே எழுந்து வந்துடுச்சு. 'நீங்க வராதீங்க டீச்சர், கால் வலிக்கும், நானே வர்றேன்'னு. வந்து நின்னுச்சு. ஆனா அங்க நின்னு எப்படிப் பேசும்? நாப்பத்தொரு பேரு பாக்கறாங்க. நோட்டப் புடிச்சுக்கிட்டு அப்படியே நிக்குது. அன்னைக்கு இருந்து அது ஒரு விடையும் சொல்லல."

நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நிரந்தர இடம் போனது பற்றி அவர் சொன்னபோது என்னால் ஏதோ ஒரு மாதிரி தலையாட்ட முடிந்தது. இதற்கு முடியவில்லை. அவர் முட்டி போட்டது கால் வலியால்தான். ஆனால் அந்தப் பெண்ணின் காதருகே அவர் இருந்ததும் நிஜம்தான். நான் எழுதியபோது ஒரு நிஜத்தை வைத்து இன்னொன்றை அடித்துவிட்டேன். தப்பு தொடங்கிய இடத்தில் ஒரு புள்ளி வைக்கச் சொன்னால், என் குறிப்பேட்டில் எங்கே வைப்பது என்று எனக்குத் தெரியும்.

இதை எழுதும்போது அடையாளம் காட்டக்கூடிய சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். முன்பே கற்றுக்கொண்டிருக்க வேண்டிய வேலை.

மகள் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். டீச்சர் எழுந்து உள்ளே போய் ஒரு தாளை எடுத்து வந்தார். ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஒரு பள்ளியில் கணக்குக்கு ஆள் தேவை என்று வந்த அறிவிப்பு. பருவம் முடிந்ததும் இங்கிருந்து விலகிவிடப் போவதாகச் சொன்னார். அங்கே விண்ணப்பத்தோடு, தான் எப்படிப் பாடம் நடத்துகிறார் என்று ஆங்கிலத்தில் ஒரு பக்கம் எழுதித் தர வேண்டுமாம்.

"எனக்கு ஆங்கிலம் படிக்க வரும், எழுத வராது. இவ எழுதறேங்கறா, ஆனா இவளுக்கு நான் எப்படி நடத்துவேன்னே தெரியாது. வீட்டுல சொல்லிக் குடுத்தா சண்டதான் வரும். நீ எழுதித் தருவியா?"

"கண்டிப்பா டீச்சர்" என்றேன். குறிப்பேட்டை எடுக்கக் கை போயிற்று, எடுக்கவில்லை.

அதை அவர் கவனித்தார். "எடு, எடு. எழுதிக்கத்தானே கூப்பிட்டேன்" என்றார்.

எடுத்தேன். அவர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு என் எதிரில் உட்கார்ந்தார்.

"கால பத்தி ஒரு வார்த்தை கூட வேணாம். நாற்காலிய பத்தியும் வேணாம். பிள்ளைங்க பக்கத்துல போய், அவங்க உயரத்துல உக்காந்து சொல்லிக் குடுப்பேன்னு எழுது, அது பொய்யில்ல. பச்சைப் பேனா, புள்ளி வைக்கறது, எல்லாம் போடு. நான் விவரமா சொல்றேன், கேட்டுக்கோ. ஆனா ஒண்ணு மட்டும் மா, நான் பேசற மாதிரி எழுதிடாத. யார் வேணா எழுதற மாதிரி எழுது."